மாத்திப் பார்த்துடலாம் சார்!

முதல்லயே சொல்லிடறேன். நான் மெக்கானிக்கல் கிடையாது, ஆட்டோமொபைல் கிடையாது. பி.காம். கடைசி வருஷம். "உனக்கெதுக்குடா இந்த வேலை, போய் காஸ்டிங் படி"ன்னு ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் இன்ஜினியரிங் மக்கள் சொல்லத்தான் போறாங்க. ஆனா இது இன்ஜின் பத்தின பதிவு மாதிரி தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள காசு பத்தின பதிவு. அதனால எனக்கும் உரிமை இருக்கு :-)

விஷயம் இதுதான். நல்லா ஓடிட்டிருந்த கார் திடீர்னு நடுரோட்டுல ஆஃப் ஆகிடுது. சாவியைத் திருப்பினா செல்ஃப் அடிக்குது, இன்ஜின் சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது. எப்படியோ கட்டி இழுத்து ஒரு வொர்க்‌ஷாப் கொண்டுபோறோம். அங்க பானெட்டைத் திறந்து அரை நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு ஒருத்தர் சொல்வார்: "பம்ப் போயிருக்கும் சார். மாத்திப் பார்த்துடலாம்."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமா படிங்க. "போயிருக்கு" இல்ல, "போயிருக்கும்". ஒரே ஒரு எழுத்து, ம். அந்த ஒரு எழுத்துல அவருக்கு உறுதியா தெரியாதுங்கறது முழுசா இருக்கு. அடுத்தது "மாத்திப் பார்த்துடலாம்". பார்க்கப் போறது அவர். மாத்தறதுக்குக் காசு கொடுக்கப் போறது நீங்க. அதாவது அவரோட யூகத்தைச் சோதிச்சுப் பார்க்க ஆகற செலவு உங்க தலையில. யூகம் சரின்னா அவர் கெட்டிக்காரர். தப்புன்னா "பம்பும் வீக்காத்தான் சார் இருந்துச்சு, எப்படியும் மாத்தியிருக்கணும்." ரெண்டுல எது நடந்தாலும் பில் ஒண்ணுதான். இப்படி ஒரு பிசினஸ் மாடல் எங்க சிலபஸ்ல எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

எங்க பொழப்புல இருந்து ஒரு உதாரணம் சொல்றேன். ட்ரையல் பேலன்ஸ் போடறோம். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகலை. என்ன பண்ணுவோம்? எல்லா லெட்ஜரையும் கிழிச்சுப் போட்டுட்டு புதுசா எழுதுவோமா? மாட்டோம். வித்தியாசம் எவ்வளவுன்னு முதல்ல பார்ப்போம். அந்தத் தொகையை ரெண்டால வகுத்து, வர்ற எண் எங்கயாவது என்ட்ரியா இருக்கான்னு தேடுவோம், ஏன்னா டெபிட்ல போட வேண்டியதை கிரெடிட்ல போட்டிருந்தா வித்தியாசம் ரெண்டு மடங்கா வரும். வித்தியாசம் 9-ஆல வகுபட்டுதுன்னா 540-ஐ 450-ன்னு மாத்தி எழுதின மாதிரி இலக்கம் இடம் மாறியிருக்கலாம். அப்பவும் கிடைக்கலைன்னா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல வெச்சுட்டு தேடிக்கிட்டே இருப்போம். தப்பே நமக்கு ஒரு துப்பு கொடுக்கும், அந்தத் துப்பைப் பிடிச்சுக்கிட்டு போறதுதான் வேலை. முதல் வருஷப் பையனுக்கே இதுதான் பாடம்.

காரும் அப்படித்தான். நின்ன கார் ஊமை இல்ல. கேட்டா பதில் சொல்லும். யாரும் கேக்கறதில்ல, அவ்வளவுதான்.

பெட்ரோல் கார் ஓடணும்னா என்ன வேணும்? பெட்ரோல், காத்து, சரியான நேரத்துல ஸ்பார்க், அப்புறம் உள்ள அமுக்கம். ஓடிட்டிருந்த வண்டி ஒரு நொடியில ஆஃப் ஆச்சுன்னா இதுல ஏதோ ஒண்ணு திடீர்னு நின்னிருக்கு. எதுன்னு கண்டுபிடிக்க முதல் சில கேள்விகளுக்கு ஸ்பேனர் கூட வேண்டாம், காதும் கண்ணும் போதும்.

முதல் கேள்வி, எப்படி நின்னுச்சு? விக்கி விக்கி, இழுத்து இழுத்து நின்னா பெட்ரோல் பக்கம் சந்தேகம் போகும். சுவிட்சை அணைச்ச மாதிரி டக்குனு நின்னா கரண்ட் பக்கம். இது சட்டம் இல்ல, துப்பு. ஆனா எத்தனை வொர்க்‌ஷாப்ல இந்தக் கேள்வியைக் கேக்கறாங்க? ஓட்டிட்டு வந்தவர் அங்கதான் பிளாஸ்டிக் சேர்ல டீ குடிச்சிட்டு உக்காந்திருப்பார். முக்கியமான சாட்சி அவர்தான். அவரை யாரும் விசாரிக்கறதே இல்ல!

சாவியைத் திருப்பினா செல்ஃப் அடிக்குதா? அடிக்கவே இல்ல, டிக் டிக்னு மட்டும் வருதுன்னா பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார்னு அது தனி ரூட்டு, இந்தப் பதிவுக்கு வெளியே. நல்லா சுத்துது, ஆனா வழக்கத்தைவிட லேசா, தடையே இல்லாத மாதிரி "விர்ர்ர்"னு ஒரே சீரா சுத்துதுன்னா உடனே கையை எடுத்துடணும். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்கள்ல பெல்ட் அறுந்த பிறகு சுத்தச் சுத்த பிஸ்டன் போய் வால்வுல இடிக்கும். ஆயிரங்கள்ல முடிய வேண்டிய செலவு எங்கயோ போய் நிக்கும். "இன்னொரு தடவை அடிச்சுப் பாரு, இன்னொரு தடவை அடிச்சுப் பாரு"ன்னு பக்கத்துல நின்னு ஐடியா கொடுக்கற அங்கிள்களுக்கு இந்தப் பத்தியை சமர்ப்பிக்கிறேன்.

சாதாரணமாத்தான் சுத்துது, ஆனா பிடிக்கலை. அப்ப சாவியை ஆன் பொசிஷன்ல மட்டும் வெச்சு, ரேடியோ, ஏசி எல்லாத்தையும் அணைச்சுட்டு காது கொடுங்க. பெரும்பாலான பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்கள்ல பின்சீட் பக்கம் "ங்ங்ங்"னு ரெண்டு செகண்ட் ஒரு சத்தம் வந்து நிக்கும். டேங்க்குக்குள்ள இருக்கற பம்ப் பிரஷர் ஏத்தற சத்தம். அது வந்துச்சுன்னா பம்ப்புக்கு உயிர் இருக்கு, அதோட ஃபியூஸும் ரிலேவும் இருக்கு. (அதுக்காக பிரஷர் சரியா வருதுன்னு அர்த்தம் இல்ல, அதுக்கு கேஜ் போடணும்.) வரலைன்னா நேரா பம்ப்பை வாங்க ஓடக்கூடாது. ஃபியூஸ் பாருங்க. பல கார்கள்ல ஹாரன் ரிலேவும் பம்ப் ரிலேவும் ஒரே ஜாதி. ரெண்டையும் இடம் மாத்திப் போட்டு சத்தம் வருதான்னு பாருங்க. இதுவும் "மாத்திப் பார்க்கறது"தான், ஆனா இதுக்குப் பைசா செலவில்ல, சரியா வரலைன்னா திரும்ப எடுத்து வெச்சுடலாம். சோதனைக்கு மாத்தறதுக்கும் விற்பனைக்கு மாத்தறதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

டேஷ்போர்டுல சாவி படம் போட்ட லைட் மின்னுதா? அது இம்மொபிலைசர், உங்க சாவியையே வண்டிக்கு அடையாளம் தெரியலை. இன்ஜின் லைட் சாவி ஆன்ல எரியவே இல்லையா? அப்ப இன்ஜின் கம்ப்யூட்டருக்கே கரண்ட் போகலையோன்னு பார்க்கணும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் லேசாவாவது துள்ளுதா? பல வண்டிகள்ல இந்த முள் ஒரு நல்ல உளவாளி. அது செத்த மாதிரி கிடந்துச்சுன்னா, இன்ஜின் சுத்தற விஷயமே கம்ப்யூட்டருக்குத் தெரியலைன்னு ஒரு சந்தேகம். ஏன் தெரியலை? கிராங்க் சென்சார். அல்லது அதுக்குப் போற ஒயர்.

இந்த கிராங்க் சென்சார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எங்க குடும்பத்தையே மொட்டை அடிச்ச விஷயம். இன்ஜினோட கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில எவ்வளவு வேகமா சுத்துதுன்னு சொல்ற ஒரு சின்ன சாமான் இது. பல மாடல்கள்ல உள்ள ஒரு காந்தம், ஒரு மெல்லிய கம்பிச் சுருள், அவ்வளவுதான். அது சிக்னல் கொடுக்கலைன்னா எப்ப ஸ்பார்க் கொடுக்கணும், எப்ப பெட்ரோல் பீச்சணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால ரெண்டையும் கொடுக்காது. அதோட விடாது. இன்ஜின் ஓடாதப்ப பெட்ரோல் பாய்ஞ்சா ஆபத்துன்னு பம்ப்பையும் நிறுத்தி வெச்சிடும். இந்தச் சுருள் வயசான பிறகு சூடானா உள்ளுக்குள்ள விட்டுப் போகும், ஆறினா ஒட்டிக்கும். அதனால காலையில ஸ்டார்ட் ஆகும், ஊருக்குள்ள ஓடும், நாப்பது கிலோமீட்டர் போனா ஹைவேஸ்ல நிக்கும், அரை மணி நேரம் ஆறவிட்டா மறுபடி ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி ஓடும்.

எங்க சித்தப்பா வண்டி. கம்பெனி பேர், வொர்க்‌ஷாப் பேர் எல்லாம் வேண்டாம். திருச்சியில இருந்து புதுக்கோட்டை போற வழியில கீரனூர் பக்கம் நின்னுச்சு. ராத்திரி எட்டரை மணி. சித்தி, ரெண்டு சின்னப் பசங்க உள்ள. பின்னாடி லாரி லாரியா வருது. சித்தப்பா ஹசார்டு லைட்டைப் போட்டுட்டு எல்லாரையும் ரோட்டை விட்டு இறக்கி நிக்க வெச்சார். அரை மணி நேரத்துல தானா ஸ்டார்ட் ஆச்சு, வீட்டுக்கு வந்துட்டாங்க. மறுநாள் வொர்க்‌ஷாப்.

அங்க நடந்ததை பில்லை வெச்சே சொல்றேன், பில் எங்கிட்டதான் இருக்கு (காமர்ஸ் பையன்னா குடும்பத்துல இதெல்லாம் நம்ம டிபார்ட்மென்ட்). முதல் தடவை: ஃபியூயல் பம்ப் அசெம்பிளி 6,200. ஒரு வாரத்துல மறுபடி நின்னுச்சு. ரெண்டாவது தடவை: பிளக் நாலு 720, இக்னிஷன் காயில் 3,400. லேபர் ரெண்டு தடவைக்கும் சேர்த்து 1,500. ஆக மொத்தம் 11,820 ரூபாய். பத்து நாள்ல மறுபடி நின்னுச்சு. இந்த முறை என்ன சொன்னாங்க தெரியுமா? "ஈசிஎம் போயிருக்கும் சார். பழைய மார்க்கெட்ல எடுத்தா பதினெட்டு ரூபாய்க்குள்ள முடிச்சிடலாம்." பதினெட்டு ரூபாய்னா பதினெட்டாயிரம். மறுபடியும் அதே "ம்".

முதல் நாளே பம்ப் ஏன்னு கேட்டதுக்கு அவங்க சொன்ன காரணம்: "செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடலை சார்." நிஜம்தான், ஓடலை. ஆனா மேல சொன்னேனே, சிக்னல் இல்லைன்னா பம்ப்பை நிறுத்தறதே கம்ப்யூட்டர்தான்னு. சாவியை ஆன் பண்ணதும் ரெண்டு செகண்ட் சத்தம் வந்துச்சுன்னு சித்தப்பா சொல்லியிருக்கார். அதை யாரும் காதுல வாங்கலை. சாவி ஆன்ல ஓடற பம்ப், செல்ஃப் அடிக்கும்போது ஓடலைன்னா குத்தவாளி பம்ப் இல்ல, அதுக்கு உத்தரவு போடறவன். இது இன்ஜினியரிங் கூட இல்ல, வெறும் தர்க்கம்.

கடைசியில சித்தப்பாவோட ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லி வேற ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனோம். அந்த அண்ணன் முதல்ல ஒண்ணுமே கழட்டலை. "சூடாகி நிக்கட்டும்"னார். வண்டியை ஐடில்ல ஓட விட்டுட்டு வேற வேலை பார்த்தார். முக்கால் மணி நேரத்துல நின்னுச்சு. சென்சாரோட கனெக்டரைக் கழட்டி மல்டிமீட்டர் வெச்சார். ரீடிங்கே இல்ல. ஒரு சொம்பு தண்ணியைச் சென்சார் மேல ஊத்தினார். கொஞ்ச நேரத்துல ரீடிங் வந்துச்சு. கனெக்டரை மாட்டி சாவியைத் திருப்பினார், பட்டுனு ஸ்டார்ட். சென்சார் 850 ரூபாய். பார்த்ததுக்குன்னு தனியா 400. வண்டி அதுக்கப்புறம் அந்தப் பிரச்சினையில நின்னதே இல்ல.

அந்த சொம்புத் தண்ணியைப் பார்த்ததும் எங்க தாத்தா சொல்ற அம்பாசடர் கதைதான் ஞாபகம் வந்துச்சு. வெயில் காலத்துல மேட்டு ரோட்டுல வண்டி நின்னா டிரைவர் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி சுத்துவாராம். சூட்டுல பெட்ரோல் ஆவியாகி லைன்ல அடைச்சுக்கும், வேப்பர் லாக். குளிர வெச்சா சரியாகும். அந்தக் காலத்து ஆட்கள் எட்டாங்கிளாஸ் தாண்டாதவங்களா இருக்கலாம், ஆனா என்ன நடக்குதுன்னு ஒரு கருத்து வெச்சு, அதை ஒரு துணியை வெச்சு நிரூபிச்சாங்க. இன்னிக்கு ஏசி ரூம்ல ஸ்கேனர் வெச்சிருக்கறவங்களுக்கு அது முடியலை.

ஸ்கேனர்னதும் அடுத்த வாதம் வரும். "இப்பல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிடும்பா." சொல்லாது. அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து எல்லா காருலயும் ஓபிடி-2 கட்டாயம், நம்ம ஊர்லயும் புது வண்டிகள்ல எல்லாம் அந்த பிளக் இருக்கு, சரி. ஆனா அது என்ன சொல்லும்? உதாரணத்துக்கு பி0335-ன்னு ஒரு கோட். கிராங்க் சென்சார் "சர்க்யூட்"ல கோளாறுன்னு அர்த்தம். சென்சார் போச்சுன்னு அர்த்தம் இல்ல. ஒயர் அறுந்திருக்கலாம், எலி கடிச்சிருக்கலாம், கனெக்டர்ல பச்சை பூத்திருக்கலாம். கோட் ஒரு புகார் மனு, தீர்ப்பு இல்ல. புகார் வந்த உடனே விசாரணை இல்லாம தூக்குல போடறதுதான் "கோட் வந்துச்சு, பார்ட் மாத்தினேன்"ங்கறது.

இப்ப எனக்குத் தெரிஞ்ச ஏரியாவுக்கு வரேன். ஏன் இப்படி நடக்குது? மெக்கானிக் எல்லாம் திருடங்களா? இல்லவே இல்ல. அப்படி நினைக்கறவங்க இந்தப் பதிவைத் தப்பாப் படிக்கறாங்க.

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல பழைய கார் மார்க்கெட்டை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார், 2001-ல நோபல் வாங்கினார். விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்கறவனுக்குத் தெரியலைன்னா மார்க்கெட்டே கெட்டுப் போகும்ங்கறது சாரம். அது கார் விக்கிறதுக்கு. ரிப்பேருக்கு இன்னும் பொருத்தமானது 1973-ல டார்பி, கார்னின்னு ரெண்டு பேர் எழுதினது. சில சேவைகள் இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடியும் தேவையான்னு தெரியாது, வாங்கின பின்னாடியும் தேவைப்பட்டுச்சான்னு தெரியாது. டாக்டர் எடுக்கற அப்பெண்டிக்ஸ் மாதிரி, மெக்கானிக் மாத்தற பம்ப் மாதிரி. என்ன கோளாறுன்னு சொல்றவரும் அவரே, அதைச் சரி பண்ணி விக்கிறவரும் அவரே. இங்க நல்லவனும் மெல்ல மெல்ல தேவையில்லாததை விப்பான், ஏன்னா அவனுக்குக் காசு அதுலதான் வருது.

எம்.பி.ஏ. எத்திக்ஸ் வகுப்புகள்ல சொல்ற சியர்ஸ் கதை தெரியுமா? 1992-ல கலிபோர்னியா நுகர்வோர் விவகாரத் துறை, வாடிக்கையாளர் வேஷத்துல ஆட்களை அனுப்பி சியர்ஸ் கம்பெனியோட கார் சர்வீஸ் சென்டர்களைச் சோதிச்சுது. தேவையில்லாத ரிப்பேரை விக்கிறாங்கன்னு குத்தம் சாட்டுச்சு. உள்ள போய்ப் பார்த்தா, சர்வீஸ் அட்வைசர்களுக்கு கமிஷனும் இவ்வளவு வித்தாகணும்னு டார்கெட்டும் இருந்திருக்கு. கம்பெனி அந்த கமிஷன் முறையையே அப்புறம் கைவிட்டுச்சு. ஆள் கெட்டவன் இல்ல, அவனுக்குச் சம்பளம் வர்ற வழி கெட்டது.

நம்ம ஊர்ல அந்த வழியைக் கெடுத்தது யாரு? கோச்சுக்காதீங்க, நாமதான். அந்த அண்ணன் கேட்ட 400 ரூபாய்க்கு என் சித்தப்பாவே முதல்ல முகத்தைச் சுளிச்சார். "பார்த்ததுக்கு நானூறா?" 6,200 ரூபாய் பம்ப்புக்கு வாயைத் திறக்காத மனுஷன்! ஏன்னா பம்ப் கையில தொட்டுப் பார்க்கற பொருள். பெட்டி இருக்கு, ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருக்கு. யோசிச்சதுக்குப் பெட்டி கிடையாது. முக்கால் மணி நேரம் வண்டி சூடாகக் காத்திருந்து, காரணத்தைக் கண்டுபிடிச்ச மூளைக்கு நாம காசு தரமாட்டோம்னா, மெக்கானிக் என்ன பண்ணுவார்? யோசிக்கறதை விட்டுட்டு பொருள் விப்பார். அதுல மார்ஜின் இருக்கு. நாமே அவரை அந்தப் பக்கம் தள்ளிட்டு, அப்புறம் "ஏமாத்தறாங்க"ன்னு புலம்பறோம். சொந்தச் செலவுல சூனியம்னு சொல்வாங்களே, அதேதான்.

இன்னொரு நியாயத்தையும் சொல்லிடணும். ரோட்டோர ஷெட்டுக்காரருக்கு ஒயரிங் டயக்ராம் கிடைக்கறதில்ல, கம்பெனி கொடுக்கறதில்ல. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல கார்களுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டம் கொண்டுவந்துச்சு. நம்ம நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல இதுக்கு ஒரு குழு போட்டப்ப, எடுத்துக்கிட்ட துறைகள்ல ஆட்டோமொபைலும் ஒண்ணு. டயக்ராம் இல்லாம கண்டுபிடின்னு சொல்றது, லெட்ஜரைக் காட்டாம ஆடிட் பண்ணச் சொல்ற மாதிரி. அந்தக் கோபம் மெக்கானிக் மேல போகக்கூடாது, கம்பெனி மேல போகணும்.

"சரிடா, காசுதானே போச்சு, இதுக்கு இவ்வளவு நீளமா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கதை. 2010-ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ஒரு இளம்பெண். அவங்க செவர்லே கோபால்ட் ஓடிட்டிருக்கும்போதே ஆஃப் ஆச்சு. டீலர்கிட்ட விட்டாங்க. பெட்ரோல் சிஸ்டத்தைச் சுத்தம் பண்ணித் திருப்பிக் கொடுத்தாங்க. அடுத்த சில நாட்களுக்குள்ள அதே காரு மறுபடி ஓட்டத்துல ஆஃப் ஆகி விபத்து, அவங்க இறந்துட்டாங்க. காரணம் பெட்ரோலே இல்ல. சாவி சுவிட்ச். உள்ள இருந்த பிடிப்பு போதாம, ஒரு குலுக்கல்லயோ சாவிக்கொத்து கனத்துலயோ தானா ஆன்ல இருந்து நழுவிடும். இன்ஜின் நிக்கும், பவர் ஸ்டீயரிங் போகும், ஏர்பேக்கும் விரியாது. திரும்பச் சாவியைத் திருகினா ஸ்டார்ட் ஆகிடும், அதனால வொர்க்‌ஷாப்ல நிக்கும்போது எதுவுமே தெரியாது.

இதை வெளிய கொண்டுவந்தது அந்தக் குடும்பம் போட்ட கேஸ். அவங்க வக்கீல் அமர்த்தின ஒரு இன்ஜினியர், பழைய சுவிட்சையும் கடையில வாங்கின புது சுவிட்சையும் பிரிச்சுப் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். புதுசுல உள்ள ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் கொஞ்சம் நீளம். கம்பெனி 2006-லயே டிசைனை மாத்தியிருக்கு, ஆனா பார்ட் நம்பரை மாத்தலை! கணக்குல திருத்தம் பண்ணிட்டு தேதி போடாம விட்ட மாதிரி. 2014-ல 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சாங்க. கம்பெனியோட நஷ்டஈட்டு நிதி ஏத்துக்கிட்ட சாவு 124. 2015-ல அமெரிக்க அரசோட 90 கோடி டாலருக்கு சமரசம். அந்த டீலர் ஷாப்ல "இது எப்படி நின்னுச்சு? விக்கி நின்னுச்சா, டக்குனு நின்னுச்சா? டேஷ்போர்டு லைட் என்ன ஆச்சு?"ன்னு உக்காந்து விசாரிச்சிருந்தா அந்தப் பெண் பிழைச்சிருப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா கிளீனிங் பண்ணினது ஒரு யூகம்ங்கறதை மட்டும் சொல்ல முடியும்.

பம்ப் எப்பவுமே நிரபராதின்னும் சொல்லலை. 2020 ஜூலைல மாருதி சுஸுகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை ஃபியூயல் பம்ப்புக்காகவே திரும்ப அழைச்சுது. அதுக்கு முந்தின மாசம் ஹோண்டா 65,651 கார்கள், 2021 ஏப்ரல்ல இன்னும் 77,954. ஹோண்டா பம்ப்ல உள்ள சுத்தற சக்கரத்துல குறை, போகப் போக வண்டி நின்னுடலாம், ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம்னு கம்பெனியே சொல்லுச்சு. இதுல இருக்கற வேடிக்கை, இப்படி ரீகால்ல இருக்கற வண்டிக்கு பம்ப்பை கம்பெனி இலவசமா மாத்தித் தரும். சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தா போதும். பார்க்காம வெளிய காசு கொடுத்து மாத்தினா அதுவும் நம்ம தலையில. "பம்ப் போயிருக்கும்"னு சொன்னவர் சரியா சொல்லியிருந்தாலும் நமக்கு நஷ்டம்தான், பாருங்க!

அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? ரெண்டு மூணுதான். வண்டியை விடும்போது "என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க எவ்வளவு?"ன்னு தனியா கேளுங்க, அதைத் தனியா கொடுங்க, பேரம் பேசாதீங்க. எந்தப் பார்ட்டை மாத்தச் சொன்னாலும் "என்ன டெஸ்ட் பண்ணீங்க, என்ன ரீடிங் வந்துச்சு?"ன்னு கேளுங்க. "அனுபவம் சார்"னு பதில் வந்தா வண்டியை எடுத்துட்டு வந்துடலாம். பழைய பார்ட்டைத் திரும்ப வாங்குங்க, பில்லுல பார்ட் தனி, லேபர் தனின்னு எழுதி வாங்குங்க. சூடானா மட்டும் நிக்கற வண்டின்னா, நிக்கற நிலையில காட்டுங்க. ஓடற வண்டியைக் காட்டி ஏன் நின்னுச்சுன்னு கேட்டா சாமியாடித்தான் சொல்லணும்.

இதைப் படிச்சுட்டு "எல்லாருக்கும் இதெல்லாம் கேக்கத் தெரியுமா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். அவனோட அப்பா டெம்போ டிராவலர் ஓட்டறவர். அவர்கிட்ட போய் ஒரு மெக்கானிக் "போயிருக்கும்"னு சொல்லிப் பார்க்கட்டும் :-)

பி.கு. 1: வெள்ளத்துல நின்ன வண்டிக்கு மேல சொன்ன எந்த டெஸ்டும் கிடையாது. சாவியையே தொடக்கூடாது. காத்து போற வழியில தண்ணி உள்ள போயிருந்தா, செல்ஃப் அடிச்ச உடனே கனெக்டிங் ராட் வளைஞ்சுடும். தண்ணியை அமுக்க முடியாது இல்லையா. 2015 டிசம்பர்ல சென்னையில நின்ன வண்டிகளை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்த பலபேருக்கு இன்ஷூரன்ஸ்லயும் ஆப்பு. சாதாரண பாலிசியில தொடர் விளைவா வர்ற நஷ்டத்துக்குப் பணம் கிடையாது, இன்ஜின் புரொடெக்ட்னு தனியா ஒரு ஆட்-ஆன் எடுத்திருக்கணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்பவும் இதே பாடத்தை ஊர் மறுபடி படிச்சுது. தள்ளி, இழுத்து, பிளக் கழட்டி தண்ணியை வெளியேத்தின பிறகுதான் மத்தது.

பி.கு. 2: ஹைவேஸ்ல நின்னா டெஸ்ட் எல்லாம் அப்புறம். ஹசார்டு லைட், பின்னாடி நல்ல தூரத்துல முக்கோண ரிஃப்ளெக்டர், ஆட்கள் எல்லாரும் ரோட்டை விட்டு வெளியே. அந்த முக்கோணம் உங்க டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில எங்கயோ கிடக்கும். இன்னிக்கே எடுத்து மேல வைங்க.